டிஆர்எல் வேறு, ஆட்டோ ஹெட்லைட் வேறு: வன்னி வீதிகளில் கார் ஓட்டுபவர்களுக்கு முழு வழிகாட்டி

மைமல் நேரத்தில் ஏ9 வீதியில் ஓமந்தையிலிருந்து மாங்குளம் வரைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்னால் வெள்ளைக் கோடு பளிச்சென்று எரிய, பின்னால் ஒரு பொட்டு வெளிச்சமும் இல்லாமல் ஓடுகிற கார் ஒன்றாவது கண்ணில் படும். ஓட்டுபவர் லைட் போட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார், ஏனென்றால் அவருக்கு முன்னால் மீற்றர் எரிகிறது, முன்னால் போகும் லொறியின் பின்பக்கத்தில் தன் காரின் வெளிச்சமும் தெரிகிறது. அவருக்குப் பின்னால் வரும் டிப்பர் சாரதிக்குத் தெரிவது ஒரு கறுப்பு உருவம் மட்டும்.

2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி திரும்பத் தொடங்கிய பிறகு புதுக் கார் எடுத்த பலருக்கு இந்த லைட் விஷயத்தைப் பக்கத்தில் இருந்து காட்டிக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்: டிஆர்எல்லையும் (பகலில் ஓடும்போது முன்னால் எரியும் லைட்) ஆட்டோ ஹெட்லைட்டையும் (இருட்டினால் தானாக எரியும் ஹெட்லைட்) ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசையிலேயே செய்து பாருங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரியாமல் சென்சரைச் சோதிக்கப் போனால் குழப்பம்தான் கூடும்.

1. முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள்

டிஆர்எல் என்பது பகலில் ஓடும்போது எரியும் லைட். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் தானாக எரியும், அதற்குத் தனியாகச் சுவிட்ச் போடத் தேவையில்லை. அதன் வேலை ஒன்றே ஒன்று: எதிரே வருபவருக்கு உங்கள் காரைக் காட்டுவது. உங்களுக்கு வீதியைக் காட்டுவது அதன் வேலை இல்லை. ஐநா வாகன விதிகளில் டிஆர்எல்லின் பிரகாசம் 400 கண்டெலாவுக்கும் 1200 கண்டெலாவுக்கும் (கண்டெலா என்பது லைட்டின் பிரகாசத்தை அளக்கும் அலகு) இடையில் இருக்க வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். வெயிலிலும் கண்ணில் படுகிற அளவு அது, ஆனால் ஹெட்லைட்டைப் போல வீதியில் குவிந்து விழாது.

ஆட்டோ ஹெட்லைட் என்பது தனி லைட்டே இல்லை. ஏற்கனவே இருக்கிற ஹெட்லைட்டின் சுவிட்சை உங்களுக்குப் பதிலாகப் போட்டுவிடுகிற ஏற்பாடு. வெளிச்சத்தை அளக்கிற ஒரு சின்ன சென்சர், இருட்டுகிறது என்று கண்டதும் டிம் லைட்டைப் போடும். அதோடு பார்க் லைட், பின் சிவப்பு லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் சேர்ந்து எரியும்.

இதில் மனதில் வைக்க வேண்டியது பின்பக்கம். பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரியும்போது பின்னால் எதுவும் எரியாது. ஹெட்லைட் எரிந்தால் பின்னால் கட்டாயம் எரியும். சில ஐரோப்பியக் கார்களில் டிஆர்எல்லோடு பின் லைட்டும் எரிவதுண்டு, ஆனால் உங்கள் கார் அப்படித்தான் என்று நினைத்துவிடாமல் இறங்கிப் போய்ப் பாருங்கள்.

கனடாவில் இந்தக் குழப்பம் பெரிய பிரச்சினையாகி, 2021 செப்டெம்பருக்குப் பிறகு தயாரிக்கப்படும் புதிய வாகனங்களுக்கு விதியையே மாற்றினார்கள். டிஆர்எல்லோடு பின் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் லைட் எல்லாம் தானாக எரிய வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் லைட் போடாமல் ஓடுபவருக்கு அது தெரியும்படி டாஷ்போட் இருட்டாகவே இருக்க வேண்டும். நம்மிடம் ஓடுகிற கார்களில் பெரும்பகுதி அதற்கு முந்தியவை, வேறு சந்தைகளுக்குச் செய்தவை. ஆகவே அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

2. தொடங்கும் முன் என்ன வேண்டும்

கூட ஒரு ஆள். இதுதான் முக்கியம், ஏனென்றால் சாரதி இருக்கையில் இருந்துகொண்டு பின் லைட்டைப் பார்க்க முடியாது. ஆள் இல்லாவிட்டால் வெள்ளைச் சுவர் ஒன்றுக்குப் பின்பக்கம் காட்டி நிறுத்துங்கள், அல்லது போனில் வீடியோ ஓடவிட்டுப் பின்னால் ஒரு கல்லின் மேல் சாய்த்து வையுங்கள்.

கெட்டியான கறுப்புத் துணி ஒன்று. சென்சரை மூடுவதற்கு மெல்லிய லேஞ்சி போதாது, வன்னி வெயிலில் வெளிச்சம் ஊடுருவிவிடும்.

காரின் கையேடு. ஜப்பானிலிருந்து நேரே வந்த கார் என்றால் கையேடும் திரையும் ஜப்பான் மொழியில் இருக்கும். போனில் கமராவால் மொழிபெயர்க்கும் வசதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வேளைகள்: ஒன்று நல்ல வெயில் உள்ள பகல், மற்றது பொழுதுபடும் நேரம். பகலில் மட்டும் பார்த்துவிட்டு விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

3. சுவிட்சைப் படியுங்கள்

ஜப்பான் கார் என்றால் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் உள்ள தண்டின் நுனியில்தான் லைட் சுவிட்ச் இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் டாஷ்போட்டில் வட்டத் திருகி. பொதுவாக நான்கு நிலைகள்: ஓஃப், பார்க் லைட், ஹெட்லைட், ஆட்டோ. இருபக்கமும் கதிர் விடும் இரண்டு சின்ன விளக்குப் படம் பார்க் லைட். ஒரு பெரிய விளக்கிலிருந்து கோடுகள் கீழே சரிந்து போகும் படம் டிம் லைட். ஆட்டோ என்பதை மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதியிருப்பார்கள்.

ஆட்டோ நிலை இல்லாவிட்டால் உங்கள் காரில் ஆட்டோ ஹெட்லைட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம், அதோடு 6ஆம், 7ஆம் படிகளில் உள்ள சோதனைகளைத் தாண்டிவிடுங்கள்.

புதிய ஜப்பான் கார்களில் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே 2020 ஏப்ரலில் இருந்து புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கும், 2021 ஒக்டோபரில் இருந்து தொடர்ந்து விற்கும் மாடல்களுக்கும் ஆட்டோ ஹெட்லைட் கட்டாயம். அந்தக் கார்களில் இருட்டில் ஓடும்போது லைட்டை அணைக்க விடாது. ஓஃபுக்குத் திருப்பினாலும் தண்டு ஆட்டோவுக்கே திரும்பி வந்து நிற்கும். இதைச் சுவிட்ச் பழுது என்று நினைத்து கராஜுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். பழுது இல்லை, விதிப்படி அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

4. பகலில் டிஆர்எல் இருக்கிறதா என்று பாருங்கள்

காரை வெயிலில் நிறுத்துங்கள். சுவிட்ச் ஓஃபில் இருக்கட்டும், ஓஃப் இல்லாத கார் என்றால் ஆட்டோவில் விடுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள், ஹைபிரிட் என்றால் மீற்றரில் ‘ரெடி’ என்று வந்தால் போதும். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு கூட வந்தவரை முன்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், அது இழுத்திருக்கும்வரை டிஆர்எல் எரியாத கார்கள் இருக்கின்றன. நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு ‘என் காரில் டிஆர்எல் இல்லை’ என்று சொல்பவர்கள் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முன்னால் வெள்ளையாக எரிந்தால் அது டிஆர்எல். எரியாவிட்டால் இப்போது சுவிட்சைப் பார்க் லைட்டுக்குத் திருப்புங்கள். அப்போது மட்டும் அந்த வெள்ளைக் கோடு எரிகிறது என்றால் அது பார்க் லைட்தான், வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும். ஜப்பானில் டிஆர்எல் அனுமதிக்கப்பட்டதே 2016 ஒக்டோபரில்தான், அதற்கு முந்தி அந்த நாட்டுக்குள் விற்கச் செய்த கார்களில் முன்னால் தெரியும் எல்இடி கோடு பெரும்பாலும் பார்க் லைட். நம் ஊரில் ஓடுகிற பழைய ஹைபிரிட்கள் நிறைய இந்த வகை.

இன்னொன்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சிக்னல் போட்டதும் அந்தப் பக்கத்து டிஆர்எல் அணைவதோ மங்குவதோ பல கார்களில் உண்டு. சிக்னலின் மஞ்சள் வெளிச்சம் வெள்ளைக்குள் மறைந்து போகாமல் இருக்கத்தான் அப்படி. பல்ப் போய்விட்டது என்று கழற்ற வேண்டாம்.

5. பின்னால் போய்ப் பாருங்கள்

டிஆர்எல் எரிகிற நிலையிலேயே, எதையும் மாற்றாமல், கூட வந்தவரைப் பின்னால் போகச் சொல்லுங்கள். பிரேக்கில் இருந்து காலை எடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் லைட்டைப் பார்த்துவிட்டு ‘எரியுது எரியுது’ என்று சொல்லிவிடுவார்! கார் உருளாமல் இருக்க சமதரையில் நிறுத்தி, கியரைப் பார்க்கில் போட்டுவிட்டே காலை எடுக்க வேண்டும்.

பின்னால் இருட்டு. பெரும்பாலான கார்களில் இதைத்தான் காண்பீர்கள். இப்போது நீங்களும் இறங்கிப் போய் உங்கள் கண்ணால் பாருங்கள். சொல்லிக் கேட்பதை விட ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

திரும்பி வந்து இருக்கையில் இருந்து மீற்றரைப் பாருங்கள். பழைய கார்களில் லைட் போட்டால்தான் மீற்றர் எரியும், எனவே மீற்றர் இருட்டாக இருந்தாலே லைட் போடவில்லை என்று தெரிந்துவிடும். இப்போதைய டிஜிட்டல் மீற்றர்கள் சாவி போட்டதில் இருந்தே எரிந்துகொண்டிருக்கும். ஆகவே மீற்றர் எரிவதை வைத்து லைட்டைக் கணக்குப் பண்ணும் பழைய பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பார்க் லைட்டோ ஹெட்லைட்டோ எரிவதைச் சொல்லும் பச்சை அடையாளம். மற்றது, பெரும்பாலான கார்களில் வெளி லைட் எரிந்ததும் ரேடியோத் திரையும் மீற்றரும் கொஞ்சம் மங்கும். பொழுதுபட்ட பிறகும் திரை கண்ணைக் குத்துகிற பிரகாசத்தில் இருந்தால் உங்கள் பின் லைட் எரியவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

6. ஆட்டோ ஹெட்லைட்டைச் சோதியுங்கள்

முதலில் சென்சரைக் கண்டுபிடியுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே, டாஷ்போட்டின் மேல் சட்டைப் பொத்தான் அளவில் கறுப்பாக ஒரு குமிழ் தெரியும். சில கார்களில் நடுவில், சிலவற்றில் ஓரத்தில். இரண்டு குமிழ் இருந்தால் ஒன்று ஏசிக்கு வெயிலை அளப்பது. டாஷ்போட்டில் எதுவும் இல்லாவிட்டால் உள் கண்ணாடிக்குப் பின்னால், முன் கண்ணாடியில் ஒட்டியபடி மழைச் சென்சரோடு சேர்ந்து இருக்கும்.

அந்தக் குமிழுக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளையார் சிலை, மடு மாதா படம், போன் தாங்கி, வெயிலுக்கு விரித்த டாஷ்போட் துணி, இதில் ஏதாவது ஒன்று சென்சரை மூடியிருப்பதை அடிக்கடி காணலாம். மூடியிருந்தால் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிந்துகொண்டே இருக்கும். உடனே வயரிங்கைப் பிரிக்கப் போகாமல் அவற்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

இப்போது சோதனை. எஞ்சின் ஓடட்டும், சுவிட்சை ஆட்டோவில் வையுங்கள், கறுப்புத் துணியை நாலாக மடித்துச் சென்சரின் மேல் வைத்துக் கையால் அழுத்துங்கள். ஓரிரு வினாடியில் டிம் லைட் எரிய வேண்டும், பச்சை அடையாளம் வர வேண்டும், பின்னாலும் சிவப்பு எரிய வேண்டும். மூன்றையும் பாருங்கள், ஒன்றோடு நிறுத்தாதீர்கள்.

துணியை எடுத்ததும் உடனே அணையாது. சில வினாடியோ சில நிமிடமோ எடுக்கும், பழுதென்று நினைக்க வேண்டாம். மர நிழலும் வெயிலும் மாறி மாறி வரும் வீதியில் லைட் விட்டுவிட்டு எரிந்தால் எதிரே வருபவர் நீங்கள் லைட் அடித்துக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார், அதற்காகத்தான் தாமதம் வைத்திருக்கிறார்கள். சர்வதேச விதிப்படி வெளிச்சம் 1000 லக்ஸுக்குக் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) கீழே போனால் 2 வினாடிக்குள் எரிய வேண்டும், 7000 லக்ஸுக்கு மேலே ஏறினால் 5 வினாடிக்கும் 300 வினாடிக்கும் இடையில் அணைய வேண்டும். இரண்டுக்கும் இடையில் என்ன செய்வது என்பதைக் காரைச் செய்தவர் தீர்மானிக்கலாம். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் உங்கள் கார் லைட் போட, பக்கத்து வீட்டுக் கார் போடாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. மைமல் நேரச் சோதனை

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வன்னி ஏறக்குறைய 9 பாகை அகலாங்கில் இருக்கிறது, இங்கே பொழுது சட்டென்று சாயும். சூரியன் மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்துக்குள் வீதியில் ஆள் தெரியாத இருட்டு வந்துவிடும். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும், ஜூலையில் ஆறரை தாண்டும். கைக்கடிகாரத்தை நம்பி லைட் போடுகிறவருக்கு இந்த முக்கால் மணி நேர வித்தியாசம் ஆபத்து.

ஒரு பின்னேரம் காரை வீட்டு வாசலில் ஸ்டார்ட்டில் வைத்து, ஆட்டோவில் விட்டு, எப்போது லைட் எரிகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் வீதியில் போகிற சைக்கிள்காரர் எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறார் என்றும் பாருங்கள். அவர் உருவம் மங்கிய பிறகும் லைட் எரியாமல் இருந்தால் உங்கள் கார் தாமதமாகப் போடுகிற வகை. சில கார்களில் திரையில் உள்ள அமைப்புகளுக்குள் போய் இதைச் சீக்கிரம் எரியும்படி மாற்றலாம், சிலவற்றுக்குக் கராஜில் ஸ்கேனர் போட்டுத்தான் மாற்ற வேண்டும். மாற்ற முடியாவிட்டாலும் பரவாயில்லை, ‘இந்தக் கார் பிந்திப் போடும்’ என்று தெரிந்திருந்தால் கையால் போட்டுக்கொள்ளலாம்.

ஒன்றை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: சென்சர் மேலே பார்க்கிறது, நீங்கள் வீதியைப் பார்க்கிறீர்கள். புளியங்குளம் தாண்டி இருபக்கமும் காடு வருகிற இடத்தில் பின்னேரம் ஐந்தரைக்கே மேற்குப் பக்க மரங்களின் நிழல் வீதியை மூடிவிடும், மேலே வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். சென்சரின் கணக்கில் அது பகல். காட்டு ஓரத்தில் இருந்து வெளியே வருகிற மாட்டுக்கும் மனிதனுக்கும் அது இருட்டு.

8. ஆட்டோவை நம்பாமல் கையால் போட வேண்டிய இடங்கள்

மழை. கார்த்திகை மார்கழி மழையில் பகல் வேளையில் வானம் கறுத்துப் போனாலும் வெளிச்சம் பல நேரம் 1000 லக்ஸுக்கு மேலேயே நிற்கும். சென்சருக்கு மழை தெரியாது. வைப்பரோடு சேர்ந்து லைட் எரியும்படி செய்த கார்களும் இருக்கின்றன, ஆனால் எல்லாமும் இல்லை. வைப்பர் போட்டால் ஹெட்லைட்டையும் போடுவது என்று கையைப் பழக்கிவிடுங்கள். பார்க் லைட் மட்டும் போடுவது போதாது, முன்னால் லொறி கிளப்பும் தண்ணீர்த் தூவலுக்குள் அது தெரியவே தெரியாது. நான்கு சிக்னலையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடுவதும் தவறு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பதை அப்போது யாருக்கும் சொல்ல முடியாது, நின்றுபோன வாகனமா ஓடுகிற வாகனமா என்பதும் பின்னால் வருபவருக்கு விளங்காது.

தை மாதத்துப் பனி. விடிய ஆறரை ஏழு மணிக்குக் கிளிநொச்சி, பரந்தன் பக்கம் வயல்வெளியில் பனி வெள்ளையாக இறங்கி நிற்கும். வெள்ளைப் பனி வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் சென்சருக்கு நல்ல வெளிச்சமாகவே தெரியும். ஆட்டோவில் விட்டால் டிஆர்எல் மட்டும் எரியும், பின்னால் இருட்டு. டிம் லைட்டைக் கையால் போடுங்கள். ஹைபீம் போடாதீர்கள், பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும்.

புழுதி. கிரவல் வீதியில் டிப்பர் ஒன்றுக்குப் பின்னால் போகும்போது வெயில் எவ்வளவு அடித்தாலும் ஹெட்லைட் போடுங்கள். இங்கே டிஆர்எல் முன்னால் ஓரளவு உதவும், பின்னால் வருகிறவருக்கு எந்த உதவியும் இல்லை.

சூரியன் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது. இதைச் சொன்னால் பலர் வியக்கிறார்கள். மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவு நோக்கிப் பின்னேரம் போகிறீர்கள், சூரியன் உங்களுக்குப் பின்னால். உங்களுக்கு வீதி பளிங்கு போலத் தெரியும். எதிரே வருபவருக்கோ கண்ணில் நேரே வெயில், அதற்குள் உங்கள் கார் மறைந்துவிடும். காலையில் முல்லைத்தீவில் இருந்து மாங்குளம் வரும்போதும் இதே கதைதான். சென்சர் ஒருபோதும் இதற்கு லைட் போடாது, ஏனென்றால் அப்போது வெளிச்சம் ஏராளம். டிஆர்எல் உள்ள காருக்கு உண்மையில் பெறுமதி கிடைக்கிற நேரம் இது. டிஆர்எல் இல்லாதவர்கள் டிம் லைட் போட்டுக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், மற்றப் பாதியில் இரு திசை வாகனமும் ஓடும். மைமலில் பின் லைட் இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியோடு முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். அதை நீங்கள் காண்பதற்கும், உங்களைப் பின்னால் வருகிறவர் காண்பதற்கும் ஹெட்லைட் நேரத்தோடு எரிய வேண்டும்.

9. டிம் லைட் எவ்வளவு காட்டும் என்று தெரிந்து ஓடுங்கள்

மணிக்கு 70 கிலோமீற்றரில் ஓடினால் ஒரு வினாடிக்கு 19 மீற்றருக்கு மேல் போகிறீர்கள். கட்டாக்காலி மாடு ஒன்றைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை வினாடி என்று வைத்தால் 29 மீற்றர், அதன் பிறகு காய்ந்த தார் வீதியில் கார் நிற்க இன்னும் ஏறக்குறைய 27 மீற்றர். மொத்தம் 56. நன்றாக உள்ள டிம் லைட் கறுத்த மாட்டைக் காட்டுகிற தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது இரவில் டிம்மில் 70 என்பதே எல்லை. டிஆர்எல்லை மட்டும் வைத்துக்கொண்டு மைமலில் 70இல் போகிறவருக்குக் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

10. ஆட்டோ ஹைபீம் மூன்றாவது விஷயம்

ஆட்டோ ஹெட்லைட் ஹைபீமைத் தொடாது, டிம்மை மட்டும்தான் போடும். ஹைபீமைத் தானாகப் போட்டு எடுக்கும் வசதி வேறு, அது உள் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கமராவால் நடப்பது. விளக்குப் படத்துக்குள் ஏ எழுத்து உள்ள அடையாளம் அதற்கு உரியது. ஹைபீம் உண்மையில் எரியும்போது நீல அடையாளம் தனியாக வரும்.

அந்தக் கமரா தேடுவது எதிரே வரும் ஹெட்லைட்டையும் முன்னால் போகும் சிவப்பு லைட்டையும். லைட் இல்லாத சைக்கிள், நடந்து வரும் ஆள், மங்கிய ஒற்றை லைட்டோடு வரும் லாண்ட்மாஸ்டர், இவற்றை அது காணாமல் போகலாம், முழு ஹைபீமும் அவர்கள் முகத்தில் அடிக்கும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து வீதிகளில் இரவில் நான் இதை அணைத்துவிட்டுக் கையாலேயே டிம் பண்ணச் சொல்கிறேன். வீதியில் யானை நின்றால் ஹைபீமை அடித்து அடித்துக் காட்டாதீர்கள், டிம்மில் வைத்துத் தூரத்திலேயே நின்று அது போக விடுங்கள்.

11. டிஆர்எல் இல்லாத காருக்குப் போட விரும்பினால்

போடலாம். ஆனால் கடையில் விற்கும் எல்இடி கீற்றை வாங்கிப் பற்றரியில் நேரே கொடுத்துவிடுவது பெரிய தவறு. இரவிலும் முழுப் பிரகாசத்தில் எரிந்து எதிரே வருபவர் கண்ணைக் கெடுக்கும், மறந்து விட்டால் காலையில் பற்றரி இறங்கிக் கிடக்கும்.

வெள்ளை நிறம் மட்டும் வாங்குங்கள். நீலம், சிவப்பு வேண்டவே வேண்டாம், முன்னால் சிவப்பு எரிந்தால் கார் எந்தத் திசையில் போகிறது என்றே மற்றவருக்குக் குழம்பும். நிலத்தில் இருந்து 25 சென்ரிமீற்றருக்கு மேலே, ஒன்றரை மீற்றருக்குக் கீழே, இரண்டு லைட்டுக்கும் இடையில் குறைந்தது 60 சென்ரிமீற்றர் இருக்கும்படி பொருத்த வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹைபிரிட் சிலவற்றில் 12 வோல்ற் பற்றரி பின் இருக்கைப் பக்கம் இருக்கும். செம்மஞ்சள் நிற வயரை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

வயரிங்குக்கு ஐந்து கால் ரிலே (கரண்ட் கொடுத்தால் தானாக மாறும் சுவிட்ச்) ஒன்று போதும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற வயரைச் சின்னப் பியூஸ் ஒன்றின் வழியாக 30ஆம் காலுக்குக் கொடுங்கள். 87ஏ காலில் இருந்து டிஆர்எல்லுக்கு எடுங்கள். 85 காரின் பொடிக்கு, அதாவது உலோக உடலுக்கு. 86 பார்க் லைட் வயருக்கு. இப்படிச் செய்தால் பகலில் டிஆர்எல் எரியும், பார்க் லைட்டோ ஹெட்லைட்டோ போட்டதும் ரிலே இழுத்து டிஆர்எல்லை அணைத்துவிடும். பழைய கார்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். கணினி மூலம் லைட்டை இயக்குகிற புதுக் கார்களில் பார்க் லைட் வயரைக் கீறி எடுத்தால் மீற்றரில் பிழை வரக்கூடும், அந்தக் கார்களுக்கு உரிய செட்டை வாங்கி, தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதே நல்லது.

பொருத்தி முடிந்ததும் 4ஆம், 5ஆம் படிகளைத் திரும்பச் செய்யுங்கள். டிஆர்எல் போட்ட பிறகு பின் லைட்டை மறக்கிற ஆபத்து உங்களுக்கும் வந்துவிட்டது.

12. வழமையாக வரும் தொல்லைகளும் முதலில் பார்க்க வேண்டிய இடமும்

ஆட்டோவில் விட்டும் இரவில் லைட் எரியவில்லை: முதலில் சுவிட்ச் உண்மையில் ஆட்டோவில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். கழுவக் கொடுத்தாலோ சர்விசுக்குக் கொடுத்தாலோ யாராவது திருப்பி வைத்திருப்பார்கள். கார் கைக்குத் திரும்பி வந்தால் சாவியை வாங்கியதும் முதலில் லைட் சுவிட்சைத்தான் பார்க்க வேண்டும்.

பகலிலும் ஹெட்லைட் அணையவே இல்லை: சென்சர் மூடியிருக்கும், அல்லது கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாள் சென்சருக்கு மேல் வந்திருக்கும். இரண்டும் இல்லாவிட்டால்தான் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு பக்க டிஆர்எல் மட்டும் எரியவில்லை: சிக்னல் ஓஃபா என்று பாருங்கள். ஓஃப் என்றால் அந்தப் பக்கத்துப் பிளக்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், மழைக்குப் பிறகு இது அடிக்கடி வரும். எல்இடியாக இருந்தால் பல கார்களில் முழு விளக்கையும் மாற்றச் சொல்வார்கள், அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள்.

ஹெட்லைட் எரிகிறது, வீதி தெரியவில்லை: விளக்குக் கண்ணாடி மஞ்சளாகியிருக்கும், அல்லது செம்மண் புழுதி படிந்திருக்கும். புழுதியைக் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். முன்னால் கழுவும்போது பின் லைட்டையும் சேர்த்துக் கழுவுங்கள், கிரவல் வீதியில் ஓடிய காரில் முன்னை விடப் பின்னால்தான் புழுதி கூடப் படிந்திருக்கும்.